பதினாறாம் பக்கத்து மஞ்சள் பூ

அச்சாகி வந்த ஆல்பத்தின் நான்காம் பக்கத்தில் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாதி முகம்தான் இருந்தது. ஏழாம் பக்கத்தில் அதுவும் இல்லை. மாமனாரின் தோள்மேல் கிடந்த கை மட்டும் அவனுடையது. பன்னிரண்டில் அவன் அனுப்பிய படம், ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கிக் கிடந்தது.

மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்காக அந்த ஆல்பத்தைச் செய்தவர் அவனுடைய சகலை, மனைவியின் அக்கா வீட்டுக்காரர். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பூவும் ரிப்பனும் ஒட்டி, இருபத்துநாலு பக்கம். சரிபார்க்க ஒரு பிரதி மட்டும் அடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார்.

“பாத்தியா உங்க அத்தான் வேலையை?” என்று மனைவியிடம் நீட்டினான்.

“தெரியாம நடந்திருக்கும். அத்தானுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?”

“தெரியாம ஒரு தடவை நடக்கும். ஒம்பது இடத்துலயா?”

அவன் மனம் காரணம் தேடிக் கிளம்பியது. போன வருஷம் சகலை குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்த்தவன் அவன்தான். மறுநாளே சகலை அதற்குள் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். “உங்க படமெல்லாம் பிரமாதம் சகலை” என்று அவர் போனில் தேன் ஒழுகப் பேசியதற்கும் இப்போது வேறு அர்த்தம் கிடைத்தது.

மூன்று நாள் பொருமினான். நேரில் கேட்டால் மழுப்பிவிடுவார். நான்காம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் பிரிண்ட் கடைக்கே போய்விட்டான்.

கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஃபைலைத் திறந்தாள். திரையில் நான்காம் பக்கம். அவன் முழுசாக நின்றான்.

“இங்க இருக்கேனே! அப்ப வெட்டினது நீங்களா?”

“கத்தாதீங்க. அவர் பக்கத்தைச் சதுரமா செஞ்சிருக்கார். கேட்டிருக்கிற புத்தகம் உயரம் ஜாஸ்தி, அகலம் கம்மி. தாளை நிரப்பி அடிக்கச் சொல்லி டிக் வேற பண்ணியிருக்கார். மெஷின் ரெண்டு ஓரத்தையும் தின்னுடுச்சு. இந்தப் பக்கம் பாருங்க, அவர் பையனுக்கே காது இல்லை.”

இல்லைதான். தன் முகத்தையே தேடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் காது கண்ணில் படவில்லை.

“என் படம் மட்டும் ஏன் மங்கல்?”

“போன்ல மெசேஜா அனுப்பினீங்களா? சுருங்கித்தான் போகும். ஒரிஜினலைக் கொண்டுவந்து குடுங்க.”

எழுந்து போயிருக்கலாம். சந்தேகம் விடவில்லை. “பதினாறைக் காட்டுங்க.”

மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய படம். சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தவன் அவன்தான். ஆனால் அவன் நின்ற இடத்தில், பக்கத்தின் நட்டநடுவே, பெரிய மஞ்சள் பூ ஒன்று இருந்தது. எடிட் பண்ணுகிற ஃபைலையும் சகலை சேர்த்தே அனுப்பியிருந்தார். கடைக்காரம்மா அதைத் திறந்து பூவை மௌஸால் நகர்த்தினாள். அடியில் அவன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“இது மெஷின் பண்ணலை” என்றாள் மெதுவாக.

அங்கிருந்தே போன் போட்டான். “என் மூஞ்சி மேல ஏன் சகலை பூ?”



“வேணும்னுதான் வெச்சேன்” என்றார் சகலை. “மாமா ஆஸ்பத்திரியில இருந்த அந்த வாரம் எனக்கு லீவு கிடைக்கலை. வந்து பாத்தா வீடு முழுக்க உங்க பேச்சு. மாமா என்கிட்டயே, சின்ன மாப்பிள்ளை பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டார்னு சொல்றார். அந்தப் படத்தை ஒட்டும்போது அதே எரிச்சல்ல ஒரு பூவை இழுத்துப் போட்டு சேவ் பண்ணிட்டேன். எடுத்துடணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்னா நம்பமாட்டீங்க.”

“நம்பலை.”

“மறக்கலைதான்.”

சண்டைக்கு வாயெடுத்தவனுக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை சந்தேகத்தில் ஒன்றாவது பலித்ததில் என்னவோ ஒரு நிம்மதி.

“கடைக்கு வாங்க சகலை. எல்லாத்தையும் சரிபண்ணி மறுபடி அச்சுக்கு எக்ஸ்போர்ட் பண்ணணும்.”

அரை மணியில் வந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்க அளவை மாற்றி, ஓரத்து முகங்களை உள்ளே தள்ளி, மங்கல் படத்துக்குப் பதில் அவன் போனிலிருந்த ஒரிஜினலைப் போட்டு, பூவை அழித்து, “சரியா?” என்றார்.

“சரி.”

அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் அவன் கடைக்காரம்மாவிடம் குனிந்தான். “பதினாறை இன்னொரு தடவை திறங்க.”

பூ இல்லை. பெரிதாக்கிப் பார்த்தான். இல்லைதான்.

“அடிச்சிடுங்க” என்றான்.