கரை ஏறும் வண்டி

மருதையன் இந்த வருஷமும் வரப்பை அரிந்துவிட்டான்.

குந்தவை காலையில் நாற்றங்காலைப் பார்க்கப் போனபோது, பாதை ஓரம் நெடுக மண்வெட்டியின் புது வெட்டு ஈரமாகப் பளபளத்தது. வெட்டிய மண்ணை அவன் தன் வயல் பக்கமே இழுத்து அணைத்திருந்தான். அவளுடைய அப்பா காலத்தில் அந்தப் பாதையில் டிராக்டர் டிரெய்லரோடு போய் வரும். அவர் போனபிறகு நடவுக்கு ஒரு சாண், அறுப்புக்கு ஒரு சாண் என்று தேய்ந்து, இப்போது டிராக்டரின் ஒரு பக்கத்துச் சக்கரம் வயலில்தான் நிற்கும் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

மருதையன் வேற்றாள் இல்லை, அவளுடைய பெரியப்பா மகன். நன்னிலத்துக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய ஒரே நிலத்தை அண்ணன் தம்பி இருவர் பிரித்துக்கொண்டதில் ரோட்டோரப் பங்கு அவன் அப்பாவுக்கும் உள்பங்கு இவள் அப்பாவுக்கும் விழுந்தது. உள்பங்குக்குப் பாதை விடுவது என்பது வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டது, பத்திரத்தில் ஏறவில்லை. இவள் அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அவர் போனதும் நிலம் தன்னிடம் வந்து சேரும் என்று மருதையன் நம்பியிருந்தான். அது மகள் பேருக்குப் போனதை அவனால் பொறுக்க முடியவில்லை. பாதை கேட்டு அவள் தாசில்தார் ஆபீசில் கொடுத்த மனு எந்த அலமாரியில் கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அவன் மடையோரம் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இதுக்கு மேல அரிஞ்சா மனுஷன் நடக்கவே வழி இருக்காது. விட்டுடுங்க.”

அவன் நிமிரவில்லை. “என் பட்டாவுல நான் வெட்டுறேன். உனக்கென்ன?”

“நாத்து எப்படிப் போகும்? உரம் எப்படிப் போகும்?”

“ஆகாசத்துல போகட்டும். முடியலைன்னா எங்கிட்ட குடுத்துட்டுப் போ. கட்டிக்குடுத்த பொண்ணுக்கு வயக்காட்டுல என்ன வேலை?”

தலைச்சுமைக்கு அவள் ஆள் தேடாமல் இல்லை. மழை பிடித்துவிட்டால் அந்த வழுக்கலில் மூட்டை தூக்க ஒருவரும் வருவதில்லை. போன வருஷம் உரம் உள்ளே போகத் தாமதமாகி, பயிர் வெளுத்து நின்றதை மருதையன் தன் களத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வேதாரண்யம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் அவள் அந்த வண்டியைப் பார்த்தாள். இறால் குட்டையின் ஒடுக்கமான கரைமேல், பைக் மாதிரி கைப்பிடியும் நாலு பருத்த டயருமாக, தீவன மூட்டைகளைச் சுமந்துகொண்டு அது சேற்றில் தாராளமாகப் போனது. வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள்.

பிரபு சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து நன்னிலம் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவன். நிலத்தை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் பெரிய கடையாகப் போடவேண்டும் என்பது அவன் எண்ணம். அதை வாரம் ஒருமுறையாவது சொல்வான்.

“ஒரு பாதைக்காக வண்டி வாங்குவாங்களா யாராவது? அண்ணன்காரன் நல்ல விலைக்குக் கேக்குறான். குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்.”

“அவன் கேக்கலைங்க. கழுத்தைப் பிடிக்கிறான். வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?”

அவன் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தான்.

திருச்சி புறவழிச் சாலையில் இருந்த கடையில் அஸார் என்ற விற்பனையாளர் அவர்களை வரவேற்றார். வரவேற்றது பிரபுவை. நாற்காலி போட்டதும் பிரபுவுக்குத்தான். சிவப்பு நிறத்தில் மூக்கு கூர்ந்த வண்டி ஒன்றைக் காட்டி, “இதுதான் சார் இப்ப பசங்க எல்லாம் எடுக்குறது. கொல்லிமலைப் பக்கம் காட்டுப்பாதையில ஓட்டுறாங்க. பறக்கும்” என்றார். பிரபு அதில் ஏறி உட்கார்ந்தான். கைப்பிடியைப் பிடித்ததும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

“முன்சக்கரம் இழுக்குமா?” என்று குந்தவை கேட்டாள்.

அஸார் அப்போதுதான் அவளைப் பார்த்தார். “இது பின்சக்கரம் மட்டும்தான் மேடம். ஆனா ஸ்பீடு...”

“எனக்கு ஸ்பீடு வேணாம். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நாலும் இழுக்கணும். பின்னால ரெண்டு உர மூட்டை தாங்கணும். மூட்டையோட சேத்துல மெதுவாப் போக தனி கியர் இருக்கணும். இதுல எது அப்படி?”

அஸார் பேச்சை மாற்றிக்கொண்டார். அந்த மாதிரி இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று சின்னது, நீலம். அகலம் குறைவு, கனமும் குறைவு, வயிறு தரையோடு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். இன்னொன்று பச்சை, உயரமானது, கனமானது, முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய இழுவை மோட்டார், காற்று இழுக்கும் குழாய் கைப்பிடிக்குக் கீழே, தண்ணீர் எட்டாத உயரத்தில். எதுவானாலும் ரோட்டில் ஓட்டக்கூடாது, பதிவு கிடையாது, வயலோடு சரி என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

குந்தவை சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குனிந்து இரண்டையும் அளந்தாள். பாதை அளவு அவள் மனசில் இருந்தது. நீல வண்டி மட்டுமே அதில் அடங்கும்.

“இந்தச் சின்னதுதான். ஆனா எங்க வயல்ல ஓட்டிக் காட்டுங்க. அப்புறம்தான் முடிவு.”

“சின்னதா பெருசான்னு ஒரு சந்தேகம் வரும் மேடம். ரெண்டையும் ஏத்திட்டு வரேன்” என்றார் அஸார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிரபு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

வண்டி வருகிற நாளுக்கு முந்தின இரவு பெய்த மழை காலையில் வெறித்திருந்தது. குட்டி லாரியில் இரண்டு வண்டிகளோடு அஸார் வந்து ரோட்டோரம் இறங்கியபோது, பாதை முகப்பில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். மருதையன் மதகுக் கட்டையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பாதை மறுபடியும் அரியப்பட்டிருந்தது. அது போதாதென்று முகப்பில் ஒரு கருங்கல் தூணும் நடப்பட்டிருந்தது. அதன் அடி மண் இன்னும் இறுகவில்லை.

நீல வண்டியை அஸார் மெல்ல ஓட்டிவந்து தூணுக்கு முன்னால் நிறுத்தினார். ஒரு கையகலம் இடித்தது. ஒரே ஒரு கையகலம்.

“என்ன, போகலையா?” என்றான் மருதையன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “வண்டிய நாலு பேரா தலையில தூக்கி வச்சுட்டுப் போங்க. நாத்து தூக்கத்தான் ஆளில்ல, இதுக்காவது வருவானுங்க.”

குந்தவை முன்னே வந்தாள். தூணைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். அளவெடுத்து நட்டதுபோல் இருக்கிறதே என்று தோன்றியது. அதைத் தொடர்ந்து யோசிக்க அப்போது நேரமில்லை. அவள் கண் வாய்க்கால் பக்கம் போனது.

வாய்க்கால் கரை புறம்போக்கு. அது ரோட்டிலிருந்து கிளம்பி, மருதையன் வயலைச் சுற்றிக்கொண்டு நேரே அவள் வயல் தலைமாட்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் யாரும் அதை வழியாக நினைத்ததில்லை. கருவை மண்டி, நாணல் அடர்ந்து, நடுவில் எப்போதோ வெள்ளத்தில் உடைந்து ஒரு பள்ளம் தண்ணீரும் சேறுமாகக் கிடந்தது.

“அது மேல போகுமா?” என்றாள் அஸாரிடம்.

அஸார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். “சின்னதுல முயற்சி பண்ணலாம். உறுதி சொல்ல மாட்டேன்.”

நீல வண்டி முள்ளை மிதித்துக்கொண்டு நன்றாகத்தான் போனது. பள்ளத்தில் இறங்கியது. ஏறும்போது மண் திட்டின்மேல் வயிறு உட்கார்ந்து, நாலு சக்கரமும் அந்தரத்தில் சுற்றின. சேறு தெறித்தது. மதகுப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது.

“போதும் குந்தவ,” என்றான் பிரபு, அவள் முழங்கையைப் பிடித்து. “ஊரே சிரிக்குது. வா, வீட்டுக்குப் போவோம்.”

அவள் கையை உதறினாள். “அந்தப் பச்சையை இறக்குங்க.”

அஸார் தயங்கினார். பச்சை வண்டியை இறக்கி, முன்னாலிருந்த இரும்புக் கயிற்றை நீலத்தின் பின்னால் மாட்டி, முதலில் அதைப் பின்னுக்கு இழுத்து மீட்டார். பிறகு குந்தவை, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு உர மூட்டைகளைப் பின்தட்டில் ஏற்றிக் கட்டச் சொன்னாள். ஏறி உட்கார்ந்தாள். அப்பாவின் டிராக்டரை ஓட்டிய கைதான் என்றாலும் இது வேறு மிருகம்.

“நாலு சக்கரமும் போட்டாச்சு, சின்ன கியர் போட்டாச்சு,” என்றார் அஸார். “கட்டைவிரலால ஒரே சீரா அழுத்துங்க. சேத்துக்குள்ள போனதும் பயந்து விட்டுடாதீங்க. நின்னா அவ்வளவுதான்.”

கரையில் ஏறியதும் முள் இரண்டு பக்கமும் முழங்காலைக் கீறியது. பள்ளம் வந்தது. மூக்கு தாழ்ந்தது. தண்ணீர் கால் வைக்கும் தட்டுக்கு மேலே ஏறி, பாதம் சில்லிட்டது. பின்பக்கம் ஒருமுறை இழுத்து ஒருக்களித்தது; மூட்டையோடு சாயப்போகிறோம் என்று நினைத்தாள். விரலை மட்டும் எடுக்கவில்லை. முன்சக்கரங்கள் எதையோ பற்றின. வண்டி உறுமிக்கொண்டு திட்டைத் தாண்டி ஏறி, நாணலைப் பிளந்துகொண்டு போய் அவள் வயல் தலைமாட்டில் நின்றது.

இறங்கினாள். மூட்டைகளை அவளே அவிழ்த்து வரப்பில் உருட்டினாள். சுற்றி ஒருவரும் இல்லை. வண்டியைத் திருப்பினாள்.

திரும்பி வரும்போது பள்ளத்துக்கு ரோட்டுப் பக்கமாக மருதையன் மண்வெட்டியோடு வழியை மறித்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பிரபு. அஸார் தள்ளி நின்றார்.

“யாரைக் கேட்டு கரையில வண்டி விடுற?”

“பொறம்போக்கு. யாரையும் கேக்க வேணாம்.”

“நாளைக்கே முள்ளு வெட்டிப் போட்டு அடைக்கிறேன், பாரு.”

“போடு. இழுத்து எறிய மோட்டாரு இருக்கு.”

அவள் அவனை நேருக்கு நேர் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. அவன் முகம் கறுத்தது. மண்வெட்டியைக் கரையில் ஓங்கி ஊன்றினான். “வாய் ரொம்ப நீளுது. வாங்கப் போற வண்டியோட அகலத்தை வந்து சொன்னதே உன் வீட்டுக்காரருதான். தெரியுமா? ஒரு கையகலம் குறைச்சு வெட்டுங்க மச்சான், அவ தானா வழிக்கு வந்துடுவான்னு சொன்னாரு. அவருக்கே இந்த மண்ணு வேணாம். நீ யாருக்காகக் குதிக்கிற?”

அவள் பிரபுவைப் பார்த்தாள். அவன் ஒரு அடி முன்னால் வந்தான். “உன் நல்லதுக்குத்தான் குந்தவ...” என்று ஆரம்பித்தான்.

“பேசாதீங்க.”

விரலை அழுத்தினாள். வண்டி நகர்ந்தது. மருதையன் நின்ற இடத்திலேயே நின்றான். இன்னும் அழுத்தினாள். முன்னால் இருந்த கம்பி மண்வெட்டிப் பிடியைத் தொட்டபோதுதான் அவன் ஒதுங்கினான்; ஒதுங்கிய இடம் சரிவாக இருந்ததால் கால் வழுக்கி இடுப்பளவு சேற்றில் போய் உட்கார்ந்தான். யாரும் கைதட்டவில்லை. கெட்ட வார்த்தைகள் அவள் முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் வந்தன.

ரோட்டுக்கு வந்து இறங்கி, “இதையே எடுத்துக்கிறேன்” என்றாள் அஸாரிடம். “பில்லு என் பேர்ல மட்டும் போடுங்க.”

அந்தச் சம்பா நடவு முழுக்க நாற்றுமுடிகள் கரைவழியேதான் போயின. மருதையன் சொன்னபடி முள் வெட்டிப் போட்டான். அவள் இரும்புக் கயிற்றை மாட்டி இழுத்து வாய்க்காலோரம் ஒதுக்கினாள். மறுபடி போட்டான், மறுபடி இழுத்தாள். வண்டியை ஏற்றிக் கொல்லப் பார்த்தாள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தான். விசாரிக்க வந்தவர்களிடம் அஸார் போனில் நடந்ததை நடந்தபடி சொன்னார். கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தை விரித்து, கரை சர்க்காருடையது, அடைப்பதற்கு யாருக்கும் பாத்தியதை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு முள் விழவில்லை. ஆனால் அவள் போகும்போதெல்லாம் அவன் களத்தில் வந்து நின்று காறித் துப்பினான். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தவன் இவள் வீட்டை மட்டும் தாண்டிப் போனான்.

பிரபு சில நாள் கடையிலேயே படுத்தான். பிறகு வீட்டுக்கு வந்தான். அவள் சோறு போட்டாள், பேசவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் அவனாகவே ஆரம்பித்தான்.

“இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?”

குந்தவை குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தாள்.

“அவன் எதிரின்னு எனக்குத் தெரியும். அவன் வெட்டுறது கண்ணுக்குத் தெரியும். நீங்க எங்க வெட்டுவீங்கன்னு நான் எப்படிப் பாக்குறது?”

அவன் தட்டை ஒதுக்கி வைத்தான். வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் மேலுரம் போடவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. அவள் எழுந்து போய், வாசலில் கிடந்த மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடினாள்.