மாதாவுக்கு ஏற்ற இடம்

கோர்தொபா மலையடிவாரத் திடலில் நண்பன் நிக்கனோர் ரிமோட்டில் பறக்கவிட்ட மாதிரி ஜெட் விமானம் நொறுங்கி விழுந்ததிலிருந்து டெல்ஃபோருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேகம் கூடியதும் வாலின் அசையும் தட்டு வெடவெடவென்று நடுங்கிப் பிய்த்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். அந்தத் தட்டைப் புல்லிலிருந்து முதலில் எடுத்தவன் டெல்ஃபோர். அதன் பின் ஓரத்திலிருந்து எதையோ சுரண்டிப் பையில் போட்டுக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவன் நண்பனின் கொட்டகைக்குப் போனபோது, நிக்கனோர் ரிமோட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"இதை யாருக்காவது குடுத்துடப் போறேன்டா. கை நடுங்குது. தட்டைச் சமன் பாத்ததுல எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்" என்று சொல்லி, ஒரே குவளையில் மாறி மாறிக் குடிக்கும் மாத்தே இலைக் கஷாயத்தை ஊற்றி நீட்டினான்.

டெல்ஃபோர் குடித்துவிட்டு, "நன்றி" என்று குவளையைத் திருப்பிக் கொடுத்தான். மாத்தே குடிக்கையில் போதும் என்பவன்தான் நன்றி சொல்வான்; இன்னும் வேண்டுமென்பவன் குவளையைச் சும்மா திருப்பிக் கொடுப்பான்.

"ஒண்ணு குடிச்சதுக்கே நன்றியா? விடிய விடிய உறிஞ்சுற ஆளாச்சே! உடம்புக்கு என்ன?"

டெல்ஃபோர் பையிலிருந்து லொரேத்தோ மாதாவின் பதக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பெயின்ட் அடிக்கறப்போ தட்டுல ஒட்டினேன். பறக்கறவங்களைக் காப்பாத்துற மாதா ஆச்சே."

"எங்கே ஒட்டினே?"

"பின் ஓரத்துல. கீலுக்குப் பின்னாடி கனம் ஏறினா வேகத்துல தட்டு நடுங்கும், ஈ கூட உக்காரக் கூடாதுன்னு நீ சொல்லத்தான் சொன்னே. மாதாவுக்கு என்ன கனம்னு நெனச்சேன். விழுந்ததும் பயந்து மறைச்சுட்டேன். உன் கை மேல தப்பே இல்லடா."

நிக்கனோர் தன் கைகளைப் பார்த்தான்.

"ஒரு வாரமா என்னையே திட்டிக்கிட்டேனேடா, மடையா!"



நிக்கனோர் பெட்டியிலிருந்து ரிமோட்டை வெளியே எடுத்தான். அலமாரியிலிருந்த மாற்றுத் தட்டை எடுத்து, அதன் கீல் கம்பியை இரண்டு கண்ணாடிக் குவளைகளின் விளிம்பில் கிடத்தினான். பின் ஓரம் தொங்கியது. கீலுக்கு முன்னால் நீண்டிருந்த மூக்கில் பதக்கத்தை வைத்தான். தட்டு மெல்ல எழுந்து மட்டமாக நின்றது.

"சமனுக்கு முன்னாடி எப்படியும் ஈயம் வெக்கணும். ஈயத்துக்குப் பதிலா இவங்க இருக்கட்டும். நீயே ஒட்டு."

டெல்ஃபோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பசையைத் தேடினான். நிக்கனோர் மறுபடி ஊற்றி நீட்டினான். டெல்ஃபோர் குடித்து முடித்து, ஒன்றும் சொல்லாமல் குவளையைத் திருப்பிக் கொடுத்தான்.