பேர்லினில் தலையாட்டக் கூடாது

ஒரேயொரு தலையாட்டலில் பேர்லினின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றைக் காலி பண்ணியவர் அல்பேர்ட். நாலாயிரம் சனம், ஆறு பொலிஸ் நாய். மேலே சுற்றிய ஹெலிகொப்டர் எத்தனை என்பது மட்டும் அவர் கதை சொல்லும் நாளைப் பொறுத்தது.

"பொலிஸ்காரன் கேட்டான், இந்தப் பை உன்ரையோ எண்டு. நான் ஓம் எண்டு தலையாட்டினன். எங்கட ஆட்டல் தெரியும்தானே தங்கச்சி, அங்காலை இஞ்சாலை. அவனுக்கு அது 'இல்லை'. சொந்தக்காரன் இல்லாத பை எண்டா குண்டுதானே! சனத்தை எல்லாம் கலைச்சுப்போட்டு பையை வெடிக்க வைச்சாங்கள். உள்ளுக்கு என்ர மத்தியானச் சாப்பாடு. மூண்டு மாசம் அந்த ஸ்ரேசன் கருவாட்டுக் கறி மணந்தது."

பேர்பெச்சுவா சிரிக்கவில்லை. மன்னாரிலிருந்து மூன்று வார விசாவில் வந்து இறங்கி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே ஆசுப்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள். அங்கே அவளுடைய தம்பி யூட்சன் கிடந்தான். பத்தொன்பது வருடமாகக் காணாத தம்பி. நுரையீரலில் வந்த புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது; இன்றைக்கோ நாளைக்கோ என்று டொக்டர் சொல்லியிருந்தார். உயிர் இருக்கும்போதே ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

அல்பேர்ட் அவனோடு பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரே அறையில் இருந்தவர். இருபது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு இப்போது ஓய்வு. பயம் வந்தால் இந்த மனிதருக்கு வாய் நிற்காது என்பது அவளுக்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் அறிய வேண்டியவை என்று வழி முழுக்க எடுத்துவிட்டுக்கொண்டே வந்தார்.

"ரிக்கற் வாங்கினா மட்டும் காணாது, மெசினிலை முத்திரை குத்தவேணும். குத்தாட்டி வெறும் கடதாசி. சிவப்பு விளக்கிலை ரோட்டைக் கடக்கப்படாது. நான் ஒருக்காக் கடந்தன். ஒரு கிழவி ஏசினா பாருங்கோ, வலக் காது ஒரு கிழமை கேக்கேல்லை. பிறகு, மணி. எந்தக் கதவெண்டாலும் ஒருக்காத்தான் அடிக்கவேணும். ரெண்டாந்தரம் அடிச்சா பொலிசைக் கூப்பிட்டிடுவாங்கள்."

யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளுக்கு நடுவில் சீவித்தவளுக்கு மணி விசயம் நம்பக்கூடியதாகவே இருந்தது. ஓம் என்று தலையாட்டினால் இல்லையென்று எடுப்பார்கள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. தலை எந்த நாட்டிலும் தலைதானே.

"அண்ணை, உங்கட புளுகுக்கும் ஒரு அளவு வேணும்."

"சத்தியமாத் தங்கச்சி. தலையாட்டல் மட்டும் இஞ்சை வேண்டாம்."

"சத்தியம் பண்ணாதேங்கோ. இண்டைக்கு வேண்டாம்."

பஸ் ஆசுப்பத்திரி வாசலில் நின்றது.

மூன்றாம் மாடி. நீண்ட நடைவழி, முடிவில் சாத்திய கதவு, பக்கத்தில் ஒரு மணி. அல்பேர்ட் லிப்டை விட்டு இறங்கவில்லை.

"நான் கீழை நிக்கிறன். பத்தொன்பது வருசத்துக் கதை இருக்கும், நடுவிலை எனக்கென்ன வேலை? சிஸ்டர் எண்டு சொல்லுங்கோ, விடுவினம்."

பேர்பெச்சுவா மணியை அடித்தாள். ஒருமுறை. நீல உடுப்புப் போட்ட தாதி ஒருத்தி கதவைப் பாதி திறந்தாள்.

"யூட்சன்? யூ சிஸ்டர்?"

அந்த ஒரு சொல் விளங்கியது. பதில் சொல்ல அவளிடம் வேறு சொல் இருக்கவில்லை. தலையை ஆட்டினாள். ஓம், ஓம், நான்தான் அவன்ரை அக்கா என்று பக்கத்துக்குப் பக்கம், தோள் அசைய அசைய ஆட்டினாள். தாதியின் முகம் இரக்கமாய் மாறியது. ஜெர்மனில் ஏதோ சொல்லி, 'ஸொறி' என்று முடித்துக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்சம் பொறுக்கச் சொல்லித்தான் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்து, பேர்பெச்சுவா கதிரையில் இருந்தாள். கைப்பையில் மடு மாதா கோயிலில் எடுத்த புனித மண் ஒரு பொட்டலம். அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கால் மணித்தியாலம் போனது. பிறகு அரை. உள்ளே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு மெசின் விடாமல் கத்தி, பிறகு நின்றது. இரண்டு தரம் எழும்பி மணிக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனாள். பொலிஸ் வந்தால் விசா போகும், விசா போனால் தம்பியைக் காண ஏலாது. இரண்டு தரமும் விரலை இழுத்துக்கொண்டாள்.

அல்பேர்ட் இரண்டு கையிலும் தேத்தண்ணியோடு வந்தார்.

"என்ன தங்கச்சி, வெளியிலை?"

"பொறுக்கச் சொல்லிப் போட்டாள். கூப்பிடுவினம்."

"எப்ப சொன்னவள்?"

"நீங்கள் கீழை போன உடனை."

தேத்தண்ணி இரண்டும் நிலத்தில் விழுந்தது. அல்பேர்ட் மணியில் வைத்த விரலை எடுக்கவேயில்லை. "பொலிஸ் அண்ணை, பொலிஸ்!" என்று அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

அதே தாதிதான் வந்தாள். அல்பேர்ட் கத்தினார். தாதி பேர்பெச்சுவாவைக் காட்டி, தன் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிக் காட்டினாள். அவர் ஏதோ சொல்ல, தாதியின் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு தணிந்த குரலில் ஒரு வசனம். அல்பேர்ட் தொப்பியைக் கழற்றினார்.

"பத்து நிமிசத்துக்கு முந்தி," என்றார்.

யூட்சனின் கை இன்னும் சூடாக இருந்தது. பேர்பெச்சுவா மண்ணை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். விரல்கள் நிற்கவில்லை, திரும்பவும் விரிந்தன. மண் வெள்ளைத் துணியில் கொட்டுண்டது.

வெளியே வந்தபோது அல்பேர்ட் கதிரையை விட்டு நிலத்தில் குந்தியிருந்தார்.

"தங்கச்சி, மணி அடிச்சா பொலிஸ் வராது. அது புளுகு. நான் சொன்னது முழுக்கப் புளுகு. அந்த ஸ்ரேசன் கதையும்தான். சனமும் இல்லை, நாயும் இல்லை. அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை. அந்தத் தாதிக்கு விளங்கேல்லை, அவ்வளவுதான். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

பேர்பெச்சுவா அவருக்குப் பக்கத்தில், கொட்டிக் கிடந்த தேத்தண்ணியைப் பாராமல், நிலத்தில் இருந்தாள்.

"நாயளை விடுங்கோ, ஹெலியை விடுங்கோ," என்றாள் பிறகு. "பொலிஸ்காரன் பையைக் காட்டிக் கேட்டிருப்பான். நீங்கள் ஓம் எண்டு தலையாட்டியிருப்பீங்கள். நான்தான் நம்பேல்லை. அது நடந்தது, அண்ணை."