இருபத்திநாலாவது மொட்டை

நெல்லியடிச் சந்தியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது இன்னாசித்தம்பியின் விளையாட்டுக் கடை. அங்கே முதன்முதலாக விளையாட வருகிறவருக்கு மொட்டை அடிப்பது வழக்கம். பயப்பட வேண்டாம், கத்தி கிடையாது, சீட்டு விளையாடுகிற கடதாசிதான். புதிதாக வந்தவரைக் கடையின் ஆகப் பெரிய ஆட்டக்காரருக்கு முன்னால் உட்கார்த்தி, விளையாட்டையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காமல், தோற்கடித்து ஒட்ட வழித்து அனுப்புவார்கள். பிறகு சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் அவருடைய பெயரை எழுதுவார்கள். சன்னதியில் பிள்ளைக்கு முடி இறக்கினால் தலையில் சந்தனமாவது தடவி விடுவார்கள். இங்கே அதுவும் இல்லை.

விளையாட்டின் ஆங்கிலப் பெயர் பெட்டியின் மேல் நீளமாக இருக்கிறது. கடையில் எல்லாரும் அதை ஏழு கோட்டை என்பார்கள். ஆளுக்கு ஏழு கோட்டை, ஆளுக்கு அறுபது கடதாசி கொண்ட ஒரு கட்டு. கட்டிலிருந்து வீரர்களை இறக்கி மற்றவருடைய கோட்டைகளை உடைக்க வேண்டும். ஏழும் விழுந்தால் தோல்வி. புதியவர்களுக்குக் கடையே ஒரு தொடக்கக் கட்டைக் கொடுக்கும். பழையவர்கள் வருடக்கணக்காகத் தேடிச் சேர்த்த தங்கள் சொந்தக் கட்டோடு வருவார்கள்.

மூன்று வருடமாக மொட்டை அடிக்கும் கை தனுஷாவுடையது. வயது இருபத்தெட்டு, காப்புறுதிக் கந்தோரில் வேலை, வாய்க்கு வேலியில்லை. அவளுடைய கட்டில் பொன் விளிம்பு வைத்த யானை ஒன்று இருந்தது. யானை இறங்கினால் ஒரே மிதியில் மூன்று கோட்டை போகும். அதை இறக்கும்போது அவள் கடதாசியை மேசையில் வைப்பதில்லை, அறைவாள். ஆனாலும் வென்ற பெருமையை அவள் யானைக்குக் கொடுத்ததே இல்லை. "கட்டிலை ஒண்டும் இல்லை, எல்லாம் கையிலைதான் இருக்கு" என்று விரல்களை விரித்துக் காட்டுவாள். உண்மையாகவே கெட்டிக்காரிதான். அதை மறுத்தால் எனக்குப் பாவம் வரும்.

அவள் காலத்தில் மாட்டிய அந்தப் பலகையில் இருபத்திமூன்று பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருவரும் இரண்டாம் முறை படியேறவில்லை. தனுஷாவுக்கு அதில் கவலை கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் இதே மேசையில் அவளுக்கும் குகதாசன் மொட்டை அடித்தான். அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள்ளே அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவள், அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். தான் வந்தது போல் மற்றவர்களும் வரட்டுமே, வர ரோசம் இல்லாதவர்கள் வராமலே போகட்டுமே என்பது அவளுடைய நியாயம்.

அந்த நியாயத்துக்கு ஆவணி மாதத்தில் ஆப்பு வந்தது.

கொழும்பில் வருடா வருடம் குழுப் போட்டி நடக்கும். குழுவுக்கு நாலு பேர். நெல்லியடிக் கடையின் நாலு பேர் தனுஷா, குகதாசன், நிருஷன், பிரணவன். போன வருடம் அரையிறுதியில் ஒரே ஒரு கோட்டையால் தோற்றுத் திரும்பினார்கள். வவுனியா தாண்டும்வரை தனுஷா யாரோடும் கதைக்கவில்லை. இந்த வருடம் கிண்ணத்தோடுதான் வருவேன் என்று கந்தோரில் எல்லாருக்கும் சொல்லியும் வைத்துவிட்டாள். அப்படி இருக்கும்போது, குகதாசனின் கலியாணம் போட்டி நாளிலேயே வந்து விழுந்தது.

"முகூர்த்தத்தை மாத்தேலாதோ?" என்று வெட்கமில்லாமல் கேட்டாள் தனுஷா.

"நீ வந்து பொம்பிளை வீட்டிலை கேட்டுப் பார். உயிரோடை வந்தாய் எண்டால் மாத்துவம்" என்றான் குகதாசன்.

நாலாவது பெயரைப் பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். மூன்று பேராகப் போனால் வாசலிலேயே திருப்பி விடுவார்கள். நெல்லியடியில் ஏழு கோட்டையைத் தொட்டுப் பார்த்த மனிதர் வேறு யார்? அந்த இருபத்திமூன்று பேரும்தான். இன்னாசித்தம்பி, வந்தவர்களின் தொலைபேசி எண்களை எழுதி வைத்த கொப்பியை எடுத்து அவள் முன்னால் போட்டார்.

"நீ அடிச்ச மொட்டையள், பிள்ளை. நீயே கூப்பிடு."

கூப்பிட்டாள். முதலாவது ஆள் பெயரைக் கேட்டதும், "ஆர், மொட்டையடிக்கிற தனுஷாவோ? இப்பதான் கொஞ்சம் வளருது, விடுங்கோ" என்று வைத்துவிட்டான். உடுவிலில் இருந்து வந்துபோன லவீனா, தனக்குப் பரீட்சை என்றாள். எப்ப சோதினை என்று கேட்டதற்கு, "நீங்கள் கூப்பிடுற நாளெல்லாம்" என்றாள். மூன்றாவது எண்ணை எடுத்த தாய், மகன் அந்தக் கடையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்புவித்தார். நிருஷனும் பிரணவனும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தனுஷாவும் கூடச் சிரித்தாள்.

வட்டுக்கோட்டைத் தபால் கந்தோரில் வேலை செய்யும் கனகசபாபதியோடு கதைத்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. ஐம்பது வயது மனிதர், கோபமே இல்லாமல் சொன்னார்:

"ரண்டு பஸ் மாறி வந்தனான், பிள்ளை. பதினொரு நிமிசத்திலை அனுப்பிப்போட்டியள். திரும்பிப் போற பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் நிண்டனான்."

தனுஷா "ஓம் ஐயா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அந்த ஆட்டத்தை நிமிடம் பார்த்து முடித்ததும், பதினொன்று என்று பலகையில் பெயருக்குப் பக்கத்தில் எழுதியதும் அவள்தான்.

இருபத்திமூன்றாவது பெயர் உதயகலா. ஸ்கூட்டர் பழக்குகிறவர், வயது நாற்பதை எட்டும். மூன்று மாதத்துக்கு முன் அவர் தோற்றபோது அவருடைய கையில் குழி என்ற கடதாசி இருந்தது. தொடக்கக் கட்டிலேயே வருகிற சாதாரணக் கடதாசிதான், ஆனால் யானைக்கு எமன். யானை இறங்கும்போது குழியை வைத்தால் யானை அதற்குள்ளே போய்விடும். உதயகலாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் தனுஷா அவருடைய கைக் கடதாசிகளைப் பறித்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். "குழியைக் கையிலை வைச்சுக்கொண்டே செத்துப்போனா, பாருங்கோவன்!" அன்றைக்குக் கடையே அதிர்ந்தது. உதயகலா சிரிக்கவில்லை, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போது தொலைபேசியில் உதயகலாவே பேரம் பேசினார்.

"சனிக்கிழமை வாறன். ஆனால் ஒரு ஆட்டம் விளையாடுவம். நான் உம்மடை கட்டிலை, நீர் கடைக் கட்டிலை. எல்லாம் கையிலைதான் எண்டு சொன்ன நீர்தானே?"

"ஓம். அதுக்கென்ன?"

"நீர் வெண்டால் நான் அப்பவே உங்கடை நாலாவது ஆள். நீர் தோத்தால், அதுக்கடுத்த சனி நீர் கடைக்குத் திரும்பி வரோணும். வந்தால் அப்பவும் நான் சேருவன்."

தனுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. இது என்ன பந்தயம்? எந்தப் பக்கம் விழுந்தாலும் அவளுக்கு ஆள் கிடைக்கிறது. "நான் வராமல் அந்தக் கடைக்கு வேறை ஆர் வாறது, அக்கா?" என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் உதயகலா வந்தார். தனுஷாவின் கட்டை இரண்டு கையாலும் வாங்கி, அறுபது கடதாசியையும் ஒவ்வொன்றாக வாசித்தார். இடையில் ஒரு பால் தேத்தண்ணியும் குடித்தார். தனுஷா தொடக்கக் கட்டைக் குலைத்து அடுக்கினாள். அதில் இருப்பதெல்லாம் வேல்காரனும் வில்காரனும்தான். இருந்தாலும் அவளுக்குப் பயம் துளியும் இல்லை. தன் கட்டை அவளைவிட அறிந்தவர் யார்? எந்தக் கடதாசி என்ன செய்யும், எதற்கு எது மருந்து என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

உண்மையில் தொடக்கத்தில் அவள்தான் முந்தினாள். வெறும் வேல்காரர்களை வைத்தே உதயகலாவின் மூன்று கோட்டைகளை உடைத்தாள். பிறகு குழி அவள் கைக்கு வந்தது. அப்போதே ஆட்டம் முடிந்துவிட்டது போல அவளுக்கு இருந்தது. உதயகலாவின் கையில் யானை இருக்கிறது, அவர் கடதாசியை எடுத்த நேரம் கண் ஒரு தரம் விரிந்ததை அவள் கண்டுகொண்டாள். யானை வரட்டும், குழி காத்திருக்கிறது. குழியைக் கைவசம் வைத்துக்கொண்டு, இருந்த காவல்களையும் யானை வரும் வழியிலேயே நிறுத்தினாள்.

யானை வரவில்லை. உதயகலா சின்னக் காலாட்களைத்தான் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார். குழியில் யானை விழும், காலாள் விழமாட்டான், சுற்றிப் போய்விடுவான். தனுஷாவின் கோட்டை ஒன்று போனது. இன்னொன்று போனது. அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

"கெதியா, கெதியா! பஸ் போகப்போகுது!" என்றான் பிரணவன்.

அது புதியவர்களைக் கலைக்கக் கடையில் சொல்கிற வசனம். அவன் பழக்கதோசத்தில் சொல்லிவிட்டான். நாலாவது கோட்டை விழுந்தபோது நிருஷன் மேசையில் தாளம் போட்டான், அதுவும் பழக்கம்தான். மேசையில் தோற்றுக்கொண்டிருப்பது தங்கள் தலைவி என்பது இருவருக்கும் மறந்தே போயிற்று. மற்ற விளையாட்டு மேசைகளில் இருந்தவர்களும் வந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. தனுஷாவுக்குக் காது கொதித்தது, கடதாசியில் இருந்த எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. அவசரத்தில் வில்காரனைப் பிழையான பக்கம் வைத்தாள். கையைப் பின்னுக்கு இழுத்து, "இல்லை, இல்லை, மற்றப் பக்கம்" என்றாள்.

"விழுந்த கடதாசி எழும்பாது!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அந்தச் சட்டத்தைப் பலகையின் மேல் சிவப்பு மையால் எழுதியவளும் அவளேதான். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்களே, அது அவளுக்கு அந்த மேசையில் வந்தது.

ஏழாவது கோட்டையை ஒரு சாதாரணக் காலாள் உடைத்தான். உதயகலா தன் கையில் மிச்சமிருந்த கடதாசிகளை மெதுவாக விரித்து வைத்தார். நடுவில் பொன் விளிம்போடு யானை இருந்தது. இறக்கவே இல்லை. தனுஷாவின் கையில் குழி இருந்தது. கடை அதிர்ந்தது.

"யானையை வைச்சிருந்தும் ஏனக்கா இறக்கேல்லை?" என்று கேட்டாள் தனுஷா.

"கடைக் கட்டிலை குழி இருக்கெண்டு தெரியும். அண்டைக்கு நீர் தூக்கிக் காட்டினதிலைதானே படிச்சனான். அதுக்குப் பிறகு என்னட்டை ஸ்கூட்டர் பழக வாற பிள்ளையளோடை வீட்டிலை இதைத்தான் விளையாடுறன்." உதயகலா எழுந்து பேனையை எடுத்தார். "என்னட்டை வாறதுகள் பிறேக் எது எண்டு தெரியாமல்தான் வருங்கள். முதல் நாளே வல்லைவெளிக் காத்திலை தள்ளிவிட்டால், ரண்டாம் நாள் ஆர் வருவினம்?"

பலகையில் இருபத்திநாலாவதாகத் தனுஷாவின் பெயரை அழகாக எழுதினார். பிறகு திரும்பி, "அடுத்த சனி வருவீரோ?" என்று கேட்டார்.

அந்தப் பலகையில் பெயர் ஏறிய எவரிடமும் அந்தக் கடையில் அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதில்லை. தனுஷா தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

லேசான பந்தயம் என்று நினைத்தாளே, அந்தக் கிழமை ஏழு நாளும் அவளை அது பிழிந்து எடுத்துவிட்டது. வேலை நேரத்தில் "கெதியா, கெதியா" என்று யாரோ வாடிக்கையாளர் சொன்னதற்கே எரிந்து விழுந்தாள். வெள்ளிக்கிழமை, தனக்குக் காய்ச்சல் வருவது போல இருக்கிறது என்று தாயிடம் சொல்லிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்ட தாய், "உனக்குக் காய்ச்சலுமில்லை, ஒண்டுமில்லை" என்றார். ஆறு வருடத்துக்கு முன் திரும்பிப் போனது ரோசத்தால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், அன்றைக்குக் குகதாசன் படிவரை வந்து, "வடிவா விளையாடினாய், அடுத்த கிழமை வா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. எப்படி அதை மறந்தாள் என்று அவளுக்கே ஆத்திரமாக இருந்தது. தன் வீட்டிலிருந்து கடைக்கு ஸ்கூட்டரில் ஐந்து நிமிடம். அதற்கே கால் எழும்பவில்லை. வட்டுக்கோட்டையிலிருந்து என்றால்?

சனிக்கிழமை போனாள். படியில் ஏறும்போதே "மொட்டை வருது!" என்று பிரணவன் கத்தினான். "வருதுதான், உனக்கென்ன?" என்று திருப்பிக் கத்திக்கொண்டே உள்ளே போனாள். உதயகலா அவளுக்கு முன்னரே வந்து, குழு விண்ணப்பத்தில் நாலாவது கோட்டில் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். இன்னாசித்தம்பி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "யானைக்கும் அடி சறுக்கும் பிள்ளை, ஆனால் எழும்பினால்தான் யானை" என்றார்.

"தத்துவத்தைப் பேந்து சொல்லுங்கோ, அண்ணை. கொப்பியைத் தாங்கோ."

கொப்பியை விரித்து, கனகசபாபதியின் எண்ணை அழுத்தினாள். கடை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"ஐயா, தனுஷா கதைக்கிறன். வாற சனி வாங்கோ. கடைசி பஸ் எத்தினை மணிக்கு எண்டு சொன்னியள் எண்டால் அதுக்கேத்த மாதிரித் தொடங்குவம். இன்னொண்டு, உங்கடை கட்டிலை குழி எண்டு ஒரு கடதாசி இருக்கும். அது கைக்கு வந்தால் என்ரை யானைக்கு வைச்சிருங்கோ."

மறுபக்கத்தில் கனகசபாபதி கேட்டார்:

"அப்ப நீர் தோத்துப்போவீரே, பிள்ளை?"

"நானோ?" என்றாள் தனுஷா. "அப்பவும் நான்தான் வெல்லுவன், ஐயா. ஆனால் பதினொரு நிமிசத்திலை இல்லை."