தாசையனின் ஈரலுக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டு

"குடிக்காத மனுசனுக்குக் கரள் தழும்பு பிடிக்குமோ மைனி? யாருகிட்ட செல்லுதிய?"

சத்தியபாயின் குரல் பாறசாலை ரயில்வே கேட் வரைக்கும் போயிருக்கும். உள்ளே வரச் சொல்லியும் அவள் வரவில்லை. உள்ளே வந்தால் காப்பி குடிக்க வேண்டும், காப்பி குடித்துவிட்டால் கத்த முடியாது. அவளுடைய மகன் பிஜுவுக்கும் இந்த வீட்டு அனுமோளுக்கும் அடுத்த மாதம் நிச்சயம் என்று பேசி முடித்திருந்தார்கள். இப்போது பெண்ணின் அப்பனுக்குக் கரள், அதாவது ஈரல் கெட்டுப்போயிருக்கிறது, அதுவும் ரகசியக் குடியால் என்று தனுவச்சபுரம் முழுக்கப் பேச்சு.

பேச்சைக் கிளப்பியது வேறு யாருமில்லை, அனுமோளின் அம்மா சௌதாமினியேதான். பரிசோதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக் குறிப்பு எழுதிப் போட்டாள்: 'தாசையன், ஈரல் தழும்பு, 12.8.' சபையில் தாசையன்கள் மூன்று பேர். ஆண்டவர் ஆள் மாறிவிடக் கூடாதே என்று மெஷின் காட்டிய எண்ணையும் சேர்த்திருந்தாள். அதை அப்படியே மைக்கில் வாசித்தார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தாசையன் அந்தச் சபையின் மதுவிலக்குக் கமிட்டிச் செயலாளர். சனம் சிரிக்காமல் என்ன செய்யும்?

"எனக்க பிள்ளைய குடிகாரன் வீட்டுல கெட்டிக் குடுக்க மாட்டேன்" என்றாள் சத்தியபாய்.

தாசையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அனுமோள் ரிப்போர்ட்டோடு வெளியே வந்தாள். அக்ஷயா மையத்தில் விண்ணப்பம் நிரப்பித் தருகிற பெண். அடியில் கிடக்கும் பொடி எழுத்தை விடமாட்டாள்.

"அப்பா, மூணு மணி நேரம் வயிறு காலியா இருக்கணும், இல்லெங்கி எண்ணு கூடும்ணு இதுல உண்டு. அன்னைக்கு எப்பம் தின்னிய?"

அன்றைக்குத்தான் வீடு காணல். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சாப்பிடுகிற சடங்கு. அங்கே இலையில் எதையாவது மிச்சம் வைத்தால் அந்த வீட்டைக் குறை சொன்ன மாதிரி. கிழங்கு, மீன்கறி, மாட்டிறைச்சி, பாயசம் என்று தாசையன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அரை மணி நேரத்தில் நெய்யாற்றின்கரை ஆய்வகத்தில் நின்றார்கள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற அந்த மெஷின் மாதம் ஒருநாள்தான் வரும். சாப்பிட்டீர்களா என்று ஸ்மிதா என்கிற பெண் கேட்டபோது, டோக்கன் போய்விடுமே என்று, காலையில் குடித்த கட்டன்சாயாவோடு சரி என்றார் தாசையன். சௌதாமினி பக்கத்தில்தான் நின்றாள். பட்டினியெல்லாம் ரத்தம் எடுக்கத்தானே. விலா எலும்புக்கு வெளியே தட்டிப் பார்க்கிற சாமானுக்கு வயிற்றுக்குள் கிடக்கும் மீன் எப்படித் தெரியும் என்று அவள் நினைப்பு.

இப்போது உண்மையைச் சொன்னால் பொய்யர் குடும்பம். சொல்லாவிட்டால் குடிகாரன் குடும்பம். எதில் மகளைக் கரையேற்றுவது?

"தின்னாரு" என்றாள் கடைசியில். "உங்களுக்க வீட்டுலதான். தின்னேல்லண்ணு பொய் செல்லும்போ நானும் கூட நின்னேன்."

"அப்பம் எனக்க மீன்கறியாக்கும் குற்றம்?"

அதிலிருந்து கால் மணி நேரம் மீன்கறியைப் பற்றியே போனது. பிறகு சத்தியபாய் ஒரு நிபந்தனை வைத்தாள். மறுபடி பார்க்க வேண்டும், அவளும் கூட வருவாள்.

மெஷின் வர இன்னும் இருபத்தாறு நாள். கல்யாணக் கவலையை மிஞ்சிய கவலை ஒன்று சௌதாமினிக்கு அப்போதுதான் வந்தது. பட்டினியாய்ப் போயும் எண் இறங்காவிட்டால்? தாசையன் தூங்கும்போது அவர் வலது விலாவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அந்த நாள் காலை ஆறு மணிக்கே சத்தியபாய் காவலுக்கு வந்துவிட்டாள். தாசையனுக்குப் பச்சைத்தண்ணீர்தான். கார் ஓட்டியது பிஜு.

தாசையன் மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குக் கீழே வைத்தார். ஸ்மிதா விலாவில் ஜெல் தடவி, கருவியை அழுத்திப் பிடித்தாள். டொக். சுண்டிவிட்ட மாதிரி ஒரு தட்டு. சௌதாமினி எண்ணினாள். இரண்டு, மூன்று. ஸ்மிதாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழு, எட்டு. பத்து.

ஏழு புள்ளி ஒன்பது.

முற்றிய தழும்புக்கான அளவு இல்லை என்றார் டாக்டர். ஆனால் கொழுப்பு நிறைய இருக்கிறது, விட்டால் தழும்பு ஏறும். தொப்பையும் சர்க்கரையும் குறைய வேண்டும், ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும், அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம் என்றார். குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று சத்தியபாயைப் பார்த்தே சொன்னார்.

வெளியே வந்ததும் சத்தியபாய் ஒன்றுமே நடக்காததுபோல நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம் என்றாள்.

"பிஜுவும் ஒருக்கா அந்தக் கட்டில்ல கிடக்கட்டும் மாமி" என்றாள் அனுமோள். "எங்க அப்பாவுக்க எண்ணு ஊருக்கே தெரியும். உங்களுக்க பிள்ளைக்க எண்ணு எனக்கு மட்டும் தெரிஞ்சா போரும்."

சௌதாமினி மகளின் கையைக் கிள்ளினாள், பாதியில் விட்டுவிட்டாள். பிஜு கார் சாவியைச் சுற்றிக்கொண்டே, காலையில் புட்டு தின்றுவிட்டதாகச் சொன்னான். சரி, அடுத்த மாதம் என்றாள் அனுமோள். அடுத்த மாதம் அவனுக்கு வாடகைக் கார் ஓட்டம் இருந்தது. அதற்கடுத்த மாதம் ஜலதோஷம். ஜலதோஷத்துக்கும் விலா எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நிச்சயம் தன்னால் நின்றுபோனது.

ஓணம் கழிந்து பிஜு கள்ளிக்காட்டில் பெண் கட்டி, மாமனார் வீட்டோடு போய்விட்டான். அனுமோள் மறு வருடம் பாலராமபுரத்து ஜினுவைக் கட்டினாள். இப்போது அவளும் ஜினுவும் கோழிக்கோட்டில்.