முந்தைய குழந்தையின் படம்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கைப்பேசிச் செயலி எழுதுகிறவள் ரெஸ்தி. பிறந்த குழந்தையின் நெஞ்சருகே கேமராவைப் பிடித்தால் காமாலை உண்டா என்று சொல்லிவிடும் செயலி அது. மலைப்பக்கத்து மருத்துவச்சிகள் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் சிகாஜாங் என்ற மலையூரிலிருந்து மருத்துவச்சி நுனுங் அழைத்தார்.

"ரெஸ்தி, எங்க ஊரு இமாஸ் புள்ளைக்குக் காது கேக்கலம்மா. பொறந்தப்போ வந்த காமாலை மூளைக்கு ஏறிடுச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அன்னைக்கே என் கண்ணுக்கு மஞ்சளாத்தான் பட்டுச்சு. உன் ஆப் ஒண்ணுமில்லன்னுச்சு. நான் போனை நம்பிட்டேன்."

நுனுங்கிடம் இருந்த அதே ரகப் பழைய கைப்பேசியை ரெஸ்தி தேடிப்பிடித்தாள். வெள்ளை அட்டையையும் மஞ்சள் அட்டையையும் மாற்றி மாற்றிப் படமெடுத்தாள். வெகுநேரம் செயலி சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு மஞ்சள் அட்டையைப் பார்த்து 'இயல்பு' என்றது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. செயலிக்குள் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று படத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்து தற்காலிக நினைவகத்தில் ஓரிடத்தில் வைக்கும். மற்றது அங்கிருந்து எடுத்து மஞ்சளை அளக்கும். நகலெடுத்தால் தாமதமாகும் என்று இரண்டுக்கும் ஒரே இடத்தைப் பொதுவாக வைத்திருந்தாள். முதலாவது முடிக்கும்வரை இரண்டாவதைக் காக்க வைக்கும் வரி ஒன்றும் இருந்தது. செயலி இழுக்கிறது என்று புகார் வந்தபோது அந்த வரியை எடுத்தவள் அவள்தான். புதிய கைப்பேசிகளில் ஒன்றும் ஆகவில்லை. பழையவற்றில் முதல் நிரல் சற்றுப் பிந்தியபோதெல்லாம், இரண்டாவது அங்கே கிடந்த முந்தைய குழந்தையின் படத்தை அளந்துவிட்டது.

நிறுவனத்தை நடத்திய குகுனிடம் போய்ச் சொன்னாள்.

"அந்த வரியைத் திரும்பப் போட்டு அப்டேட் அனுப்பிடு. வெளியில மூச்சு விடாத."

"மத்த புள்ளைங்க, அண்ணா?"

"எந்தப் புள்ளைங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. படங்கள் எதையும் சேமிப்பதில்லை என்று தாய்மாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கு மட்டும் பிசகாமல் காப்பாற்றப்பட்டிருந்தது.

வரியைத் திரும்பச் சேர்க்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அன்றே எல்லா மருத்துவச்சிகளுக்கும் நடந்ததை எழுதி அனுப்பினாள். குகுன் அவளை வேலையைவிட்டு நிறுத்தினான். அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

சிகாஜாங்குக்குப் பேருந்தில் போனாள். நுனுங் அவளை இமாஸ் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். இமாஸுக்கு இருபது வயதிருக்கலாம். சூடான தேநீரும் வறுத்த மரவள்ளியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரெஸ்தி எதையும் மறைக்காமல் சொன்னாள். இமாஸ் கேட்டாள்.

"இப்ப அதைச் சரி பண்ணிட்டீங்களாக்கா?"

"பண்ணிட்டேன்மா."

"அப்ப இனிமே இவளுக்குக் கேக்குமா?"

நுனுங் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  ரெஸ்தி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

 இமாஸ் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

"கெளம்பும்மா," என்றார் நுனுங். "அவ இனி வெளிய வரமாட்டா."