உசரமான காரும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

பச்சைத் தேயிலை கிலோ பத்து ரூபாய்க்கு இறங்கிக் கிடந்த வருஷம். பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று மலைமேல் அரவேணுவில் பாதிப் பேர் தோட்டத்தைக் காடாக விட்டிருந்தார்கள். அந்த வருஷம் பார்த்துத்தான் வேலாமணியின் ஓரகத்தி ஷண்முகப்ரியா உசரமான கார் வாங்கினாள்.

ஜீப் மாதிரி நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஜீப் இல்லை. வெள்ளை நிறம், கொழுத்த டயர், தலைக்கு மேலே கம்பி. அதை அவளே வேறு ஓட்டினாள். சொந்தத்தில் யார் ஊட்டு விசேஷம் என்றாலும் எல்லாரும் ப்ரியா காரில்தான் ஏறினார்கள். வேலாமணியின் புருஷன் சுப்பண்ணன் வைத்திருந்த எட்டு வருஷத்துக் குட்டைக் காரை ஏனென்று கேட்க ஆளில்லை. தப்பாக நினைக்காதீங்க கண்ணுகளா, வேலாமணி கெட்டவள் இல்லை. அந்த வெள்ளைக் கார் மேடேறும் சத்தம் கேட்டால் அவளுக்கு அடுப்பில் பால் பொங்குவது தெரியாது, அவ்வளவுதான்.

சுப்பண்ணனை நச்சரித்தாள். அவர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ரெண்டுக்கும் இஞ்சின் ஒரே அளவுதான். அது உசரம், கனம், டயரும் பெரிசு, காற்று நெஞ்சிலேயே மோதும், மலையேற்றத்தில் பெட்ரோலைக் குடித்துத் தள்ளும் என்றார். கஞ்சத்தனத்துக்கு இத்தனை காரணமா என்று அவள் மூன்று நாள் பேசவில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் போய்ப் பழைய காரைக் கொடுத்துவிட்டு, அவளுடைய அஞ்சு பவுன் சங்கிலியை அடகு வைத்து, அதே மாதிரி கார் வாங்குவதாக முடிவானது. நிறத்தை அவள் முன்னமே தீர்மானித்திருந்தாள். சிவப்பு. பக்கத்தில் நின்றால் அந்த வெள்ளை வெளிறிப் போக வேண்டும்.

புதன்கிழமை மேட்டுப்பாளையத்தில் ஒரு வளைகாப்பு. சுப்பண்ணனுக்கு வேலை இருந்ததால் வேலாமணி ப்ரியா காரில் போக வேண்டியதாயிற்று. திரும்பும்போது அவர்கள் ரெண்டு பேர் மட்டும். முன் சீட்டில் உட்கார்ந்த வேலாமணியின் கண் எல்லாவற்றையும் மேய்ந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அதன்மேல் பெரிய ஸ்டிக்கர் பொட்டு. கண் படக் கூடாதென்று ஒட்டியிருக்கிறாள், யார் கண் என்று நமக்குத் தெரியாதா என்று அவளுக்குச் சுருக்கென்றது.

கீழே அடித்த வெயிலில் பொட்டின் பசை இளகியிருந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கார் முக்கித் திரும்பும்போது அது உரிந்து விழுந்தது. அடியில் ஒரு எண்: 9.4.

அது என்ன என்று வேலாமணி கேட்டாள். ப்ரியா உள்ளங்கையால் அதை மறைக்கப் பார்த்து, பிறகு கையை எடுத்தாள்.

"லிட்டருக்கு அவ்வளவுதானுங்க்கா ஓடுது. இதப் பாத்தா அவரு ஒடனே இலைக் கணக்குப் போடறாருங்க. ஒரு லிட்டர் காசு எட்டுக் கிலோ இலையாம். நான் ஒருக்கா கோயமுத்தூர் போய்ட்டு வந்தா, ஒரு ஆள் நாலு நாள் பறிச்சது போச்சுங்கறாரு. அதான் மூடி வெச்சேன்." பிறகு குரலை இறக்கி, "ஒங்க கார் எவ்வளவுங்க்கா ஓடும்?"

"மலையில பதினாலு. கீழ எறங்கினா பதினெட்டு," என்றாள் வேலாமணி. சுப்பண்ணன் வாரா வாரம் சொல்லிச் சொல்லி அவளுக்குப் புளித்துப் போயிருந்த எண்கள்.

"குடுத்து வெச்சவங்க நீங்க," என்றாள் ப்ரியா. அதில் கேலி இல்லை. நல்ல முற்றின பொறாமை. அதை வேலாமணி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள், கூடவே வைத்திருப்பவளாயிற்றே.

எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டுக் கார் நின்றபோது, வேலாமணி கீழே கிடந்த பொட்டை எடுத்து ஒட்டிப் பார்த்தாள். பசை போயிருந்தது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் நெற்றிப் பொட்டை உரித்து அந்த எண்ணின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

வெறும் நெற்றியோடு ஊடு வந்து சேர்ந்தவளைப் பார்த்துச் சுப்பண்ணன் பதறினார். வழியில் விழுந்துவிட்டது என்றாள். வெள்ளிக்கிழமைப் பயணம் வேண்டாம், அந்த உசரமான கார் சீட்டில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது என்றாள். அந்த 9.4 கதையை அவரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ப்ரியா வந்து நின்றாள். கோயமுத்தூருக்குப் போக வேண்டும், அக்கா காரில் வரலாமா என்று கேட்டாள்.

"வா கண்ணு. முன் சீட்டு மட்டும் எனக்கு."

குட்டைக் கார் கிளம்பியது. வளைவில் மறையும்வரை, வாசலில் நின்ற அந்த வெள்ளைக் காரை வேலாமணி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது, சனியன்.